தறி வீட்டுக் கம்ப்யூட்டருக்கு 75 வாட்டுக்குள் ஒரு கிராபிக்ஸ் கார்டு

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்கும் தறிக்கூடத்துக்கும் நடுவே ஒரு சுவர்தான். சேலம் அம்மாப்பேட்டையில் இப்படிப்பட்ட வீடுகள் நிறைய உண்டு. முன்பக்கம் குடும்பம், பின்பக்கம் விசைத்தறி. பார்டர் டிசைன் போடவும் ஜிஎஸ்டி பில் எடுக்கவும் ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய ஆபீஸ் டெஸ்க்டாப்பை செகண்ட் ஹேண்டில் வாங்கிப் போட்டேன். இன்டெல் ஐ5-3470, 8 ஜிபி டிடிஆர்3 ரேம். அப்புறம் ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி சேர்த்தேன். 2012-ல் வந்த பிராசஸர் என்றாலும் என் வேலைக்கு இன்றைக்கும் குறை வைக்கவில்லை.

மகளுக்குத்தான் அது போதவில்லை. சிவதாபுரத்தில் அவள் தாய்மாமாவுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை இருக்கிறது. புது மாடல் கொலுசை அச்சு வெட்டும் முன்பே படமாகக் காட்ட முடிந்தால் கடைக்காரர்களிடம் ஆர்டர் பிடிப்பது சுலபம் என்று அவர் சொல்லப்போய், இவள் பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள். பிளெண்டரின் புதிய பதிப்புகளுக்குக் குறைந்தது ஓபன்ஜிஎல் (மென்பொருள் கிராபிக்ஸ் சிப்போடு பேசும் மொழி) 4.3 வேண்டும். எங்கள் பிராசஸருக்குள் இருக்கும் எச்டி 2500 கிராபிக்ஸ் 4.0-வோடு நின்றுவிடும். புதிய பதிப்பைத் திறந்தால் இந்த கிராபிக்ஸ் ஒத்துவராது என்று சொல்லி மூடிக்கொள்ளும். அவள் பழைய 3.6 பதிப்பைப் போட்டுச் சமாளித்தாள். முத்தும் சலங்கையும் வைத்த ஒரே ஒரு கொலுசுப் படம் ரெண்டர் ஆக, அதாவது மாதிரியிலிருந்து முழுப் படமாக உருவாக, 41 நிமிஷம் ஆனது. அந்த நேரம் முழுக்க வேறு எதையும் தொட முடியாது, பில் கூட எடுக்க முடியாது.

புதுக் கம்ப்யூட்டர் வாங்கப் பணம் இல்லை. கார்டு, அதற்கு வேண்டிய சில்லறைச் சாமான் எல்லாம் சேர்த்து 8,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். இத்தனை பழைய பெட்டிக்கு 8,000 போடலாமா என்றும் யோசித்தேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. இந்தப் பிராசஸரோ விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை. ஆனால் கார்டைக் கழற்றி அடுத்த பெட்டியில் போட்டுக்கொள்ளலாம். பெட்டிக்குப் போடும் காசாக நினைத்திருந்தால் தயங்கியிருப்பேன். கார்டுக்குப் போடும் காசு என்பதால் துணிந்தேன்.

கார்டு தேடும் முன் பெட்டியைத் திறந்து எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதி) லேபிளைப் படித்தேன். இந்த வேலையில் எல்லாமே அங்கேதான் முடிவாகிறது. என்னுடையதில் மொத்தம் 300 வாட் என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதை நம்பக் கூடாது. கீழே கட்டம் போட்டு 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று தனித்தனியாக ஆம்பியர் கொடுத்திருப்பார்கள். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட்டில்தான் வாழ்கின்றன. எனக்கு அந்தக் கட்டத்தில் 18 ஆம்பியர். 12-ஆல் பெருக்கினால் 216 வாட். பிராசஸருக்கு 77 வாட், டிஸ்க், ஃபேன், போர்டுக்கெல்லாம் தாராளமாக 30 வாட். மீதி 109. பழைய எஸ்எம்பிஎஸ் என்பதால் அதிலும் கொஞ்சம் விட்டுவைக்க வேண்டும். மதர்போர்டில் கார்டைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் ஒரு கார்டுக்குக் கொடுக்கக்கூடியது அதிகபட்சம் 75 வாட். எங்கள் எஸ்எம்பிஎஸ்-ல் கார்டுக்கான தனி 6 முள், 8 முள் வயர் எதுவும் கிடையாது. ஆக, ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுத்து ஓடுகிற கார்டு மட்டும்தான் எனக்கு.

இதைக் கணக்குப் போட்டது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் சந்தையில் கண்ணை இழுப்பது வேறு கார்டு. 2022 செப்டம்பர் 15-ல் எத்திரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங் முறையை (கார்டுகளைக் கணக்குப் போட வைத்து நாணயம் சம்பாதிப்பது) விட்டபிறகு மைனிங் கார்டுகள் மூட்டை மூட்டையாக செகண்ட் ஹேண்டுக்கு வந்தன. ஆர்எக்ஸ் 580 அதில் முக்கியமானது. 8 ஜிபி மெமரி, விலையும் எட்டும். ஆனால் அது இழுப்பது 185 வாட். பிராசஸரையும் சேர்த்தால் 262 ஆகிவிடும், என்னிடம் இருப்பது 216. ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில், “சாட்டா வயரிலிருந்து 8 முள் ஆக்கும் கனெக்டர் இருக்குங்க, 150 ரூபாதான், போட்டா ஓடும்” என்றார்கள். ஓடும், உண்மைதான். ஆனால் ஹார்ட் டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் ஒரு சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று முள், முள்ளுக்கு 1.5 ஆம்பியர், ஆக 54 வாட்தான் அதன் எல்லை. 8 முள் சாக்கெட் 150 வாட் வரை கேட்கும். அந்தப் பிளாஸ்டிக் உருகாமல் என்ன செய்யும்? பின்னால் பஞ்சு பறக்கிற வீட்டில் அதை நான் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டேன்.

75 வாட்டுக்குள் இருப்பவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். ஜிடி 1030 விலை குறைவு. ஆனால் ஒரே பெயரில் இரண்டு வகை உண்டு. ஜிடிடிஆர்5 போட்டது நொடிக்கு 48 ஜிபி வேகம், டிடிஆர்4 போட்டது அதில் பாதிகூட இல்லை. எதுவானாலும் பெரும்பாலும் 2 ஜிபி மெமரிதான். ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட், ஆனால் ஸ்லாட்டோடு தரவு பரிமாற நான்கே லேன் (பாதை). பிசிஐ எக்ஸ்பிரஸ் 4 போர்டுக்காகச் செய்தது, எங்கள் பழைய ஸ்லாட்டில் அந்தத் தரவு வேகம் பாதியாகிவிடும். மிஞ்சியவை ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஜிடிஎக்ஸ் 1650. இரண்டுக்கும் 4 ஜிபி, இரண்டும் 75 வாட். 2016-ல் வந்த 1050 டிஐ-யில் 768 கூடா கோர் (கணக்குப் போடும் சின்னச் சின்ன அலகுகள்), 2019-ல் வந்த 1650-ல் 896. எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் 1050 டிஐ-யின் பாஸ்கல் தலைமுறைக்குப் புதிய டிரைவர்கள் (கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) 2025 அக்டோபரோடு நின்றுவிட்டன, இனி 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான். 1650 அதற்கு அடுத்த டியூரிங் தலைமுறை, அதற்கு இன்னும் டிரைவர் வருகிறது. ஆயிரம் ஐந்நூறு கூடப் போனாலும் 1650-தான் என்று முடிவு செய்தேன். 1650-லும் சில மாடலுக்கு 6 முள் வயர் தேவைப்படும். வாங்கும்போது கார்டின் மேல் விளிம்பைப் பார்த்துவிட வேண்டும். டேப் வைத்து அளந்ததில் ஸ்லாட்டிலிருந்து ஹார்ட் டிஸ்க் கூடு வரை 19 சென்டிமீட்டர் இடம் இருந்தது. ஆகவே ஒற்றை ஃபேன் வைத்த குட்டைக் கார்டு.

முதலில் பார்த்தது ஜங்ஷன் பக்கம் ஒருவரிடம். 1650 இல்லை, 1050 டிஐ, 3,500 ரூபாய்தான் என்றார். விலையைக் கேட்டு மனசு கொஞ்சம் மாறியது. கையில் வாங்கிப் பார்த்தால் பின்பக்கம் நீல நிற விஜிஏ சாக்கெட் (பழைய அனலாக் மானிட்டர் இணைப்பு). உண்மையான 1050 டிஐ-யில் விஜிஏ இருக்காது, பாஸ்கல் தலைமுறையிலேயே அனலாக் சிக்னலை எடுத்துவிட்டார்கள். கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைப் பென் டிரைவில் கொண்டுபோயிருந்தேன். அவர் கம்ப்யூட்டரிலேயே ஓட்டினோம். பெயருக்கு முன்னால் ‘ஃபேக்’ என்று வந்தது. 768 இருக்க வேண்டிய இடத்தில் 192 கோர். 2010-ல் வந்த ஜிடிஎஸ் 450 கார்டுக்கு யாரோ பயாஸை (உள்ளே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) மாற்றிப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். விற்றவருக்கே அது தெரியாது என்றுதான் நினைக்கிறேன், அவர் முகம் வாடிப்போனது. எந்த இடத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குக் காட்டிவிட்டு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து அஸ்தம்பட்டியில் ஒரு கல்லூரி மாணவரிடம் 1650 கிடைத்தது. அவர் பெரிய கார்டுக்கு மாறுகிறார். 7,000 சொன்னார், 6,200-க்கு முடிந்தது. காசு கொடுக்கும் முன் அவர் வீட்டிலேயே 15 நிமிஷம் ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருளை ஓட விட்டுப் பார்த்தோம். திரையில் புள்ளி, கோடு, நிறச் சிதறல் எதுவும் இல்லை. அப்படி ஏதாவது வந்தால் கார்டின் மெமரியோ சிப்போ கெட்டிருக்கலாம் என்று அர்த்தம், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. சூடு 78 டிகிரி வரை ஏறியது. கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அது மே மாதம், அதுவும் சேலம், மின்விசிறியே அனல் காற்றைத்தான் அடிக்கும். அதனால் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டும் என்று பிறகு தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. அன்றைக்குத்தான் பெட்டியைத் திண்ணைக்குக் கொண்டுவந்து திறந்தேன். பிராசஸர் ஃபேனுக்கு அடியில் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் தெரியவே இல்லை, அதன் மேல் விரல் தடிமனுக்குப் பஞ்சு மெத்தை. பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிறோம் அல்லவா, எங்கள் பக்கம் அதில் மரவள்ளி மாவு சேரும். அந்தக் கஞ்சிப் பொடியோடு பறக்கிற பஞ்சு சாதாரணத் தூசி மாதிரி ஊதினால் போகாது. ஈரக்காற்றில் ஒட்டிக்கொண்டு உரிக்கிற மாதிரி ஆகிவிடும். முதலில் பெயிண்ட் பிரஷ்ஷால் சுரண்டித் தளர்த்தி, பிறகுதான் புளோயர். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அது தாறுமாறாகச் சுற்றி பேரிங் போய்விடும்.

சுத்தம் முடிந்து கார்டைச் செருகினேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்சமிருக்கும் மின்சாரத்தைப் போக்கிவிட்டு, கேபினெட்டின் பெயிண்ட் அடிக்காத தகட்டைத் தொட்டுக்கொண்டுதான் கார்டை எடுத்தேன். ஸ்லாட்டில் ‘கிளிக்’ என்று சத்தம் கேட்டது. திருகு முடுக்கி மானிட்டரை மாட்டினேன். இங்கே ஒரு விஷயம்: எங்கள் மானிட்டரில் விஜிஏ மட்டும்தான். 1650-ல் எச்டிஎம்ஐ, டிஸ்பிளே போர்ட், சிலவற்றில் டிவிஐ-டி இருக்கும், எதிலும் அனலாக் கிடையாது. வெறும் வயர் மாற்றினால் படம் வராது. உள்ளே சிப் வைத்த எச்டிஎம்ஐ-விஜிஏ கன்வெர்ட்டர் வேண்டும். 350 ரூபாய்க்கு முன்னமே வாங்கி வைத்திருந்தேன்.

பட்டனை அழுத்தினேன். கார்டு ஃபேன் சுற்றியது. மானிட்டரில் ‘நோ சிக்னல்’.

கன்வெர்ட்டரை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். போர்டின் பேட்டரியைக் கழற்றி பயாஸை ரீசெட் செய்தேன். கார்டைக் கழற்றினால் பழையபடி போர்டின் விஜிஏ வழியாகப் படம் வருகிறது. கார்டு போட்டால் இல்லை. மதியச் சாப்பாடு ஆறிப்போனது. பயாஸ் ரொம்பப் பழசு, இந்தக் கார்டைத் தெரியவில்லை போலிருக்கிறது என்று முடிவுக்கு வந்து பெட்டியை மூடப்போனேன். மகள் மொபைல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, இந்த ஓரத்துல தங்கக் கோடு தெரியுது பாருங்க. அந்த ஓரத்துல தெரியல.”

குனிந்து பார்த்தேன். கார்டின் அடியில் வரிசையாக இருக்கும் தங்க முலாம் பூசிய தொடுகோடுகள் ஸ்லாட்டுக்குள் முழுசாக மறைய வேண்டும். உள்பக்கம் மறைந்திருந்தது. பின்பக்க ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மின்னிக்கொண்டு தெரிந்தது. கார்டு சாய்ந்து நிற்கிறது. காரணம் அந்த இரும்பு பிராக்கெட். அதன் கீழ் நுனி நாக்கு மாதிரி கூர்ந்து இறங்கும். அது மதர்போர்டுக்கும் கேபினெட் சுவருக்கும் நடுவில் உள்ள இடுக்கில் நுழைய வேண்டும். எங்கள் பெட்டியில் அந்தத் தகடு கொஞ்சம் உள்ளே வளைந்திருந்ததால் நாக்கு இடுக்கில் நுழையாமல் தகட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. நான் திருகு முடுக்க முடுக்க அந்தப் பக்கம் இன்னும் தூக்கியிருக்கிறது. கிளிக் சத்தம் வந்தது மறுமுனைப் பூட்டிலிருந்து. அதை நம்பினதுதான் தவறு.

கார்டை எடுத்துவிட்டு மூக்குக் குறடால் தகட்டை வெளிப்பக்கம் மெல்ல நிமிர்த்தினேன். மறுபடி செருகி, திருகு போடும் முன்னால் இரண்டு முனையையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். தங்கம் எங்கும் தெரியவில்லை. பட்டனை அழுத்தியதும் படம் வந்தது. “கண்ணு, நீ பார்க்கலைன்னா இதைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்” என்று அவளிடம் சொன்னேன்.

டிரைவர் போடுவது சுலபம், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பிளெண்டரின் புதிய பதிப்பு முதல் தடவையே திறந்தது. ஆனால் கொலுசுப் படத்தை ரெண்டர் கொடுத்தால் மறுபடியும் 40 நிமிஷக் கணக்கு காட்டுகிறது! இரண்டு இடத்தில் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. பிரிஃபரன்ஸஸ் போய் சிஸ்டம் பகுதியில் சைக்கிள்ஸ் ரெண்டர் டிவைஸ் என்ற இடத்தில் ஆப்டிக்ஸ் அல்லது கூடாவைத் தேர்ந்து கார்டின் பெயரை டிக் செய்வது ஒன்று. அப்புறம் ஒவ்வொரு ஃபைலிலும் ரெண்டர் பகுதியில் டிவைஸ் என்பதை ஜிபியு கம்ப்யூட் என்று மாற்றுவது இன்னொன்று. முதலாவதைச் செய்து இரண்டாவதை விட்டால் பாரம் முழுக்கப் பிராசஸர் தலையில்தான் விழும். மாற்றியதும் அதே படம் 4 நிமிஷம் 20 நொடியில் முடிந்தது. 41 நிமிஷம் காத்துக்கிடந்த பெண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும்! கொலுசின் திருகாணிக்கு மூன்று மாதிரி மாற்றிப் பார்த்து அன்று ராத்திரியே மாமாவுக்கு அனுப்பினாள்.

மூன்று வாரம் நன்றாக ஓடியது. பிறகு ரெண்டர் 6 நிமிஷம் ஆக ஆரம்பித்தது. ஃபேன் சத்தம் தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. ஜிபியு-இசட் திறந்து பார்த்தால் 84 டிகிரி, கடிகார வேகம் தானாகக் குறைந்துகொண்டிருந்தது. இரண்டு காரணம் இருந்தன. ஒன்று, எங்கள் வீட்டுப் பஞ்சு. மற்றது, அஸ்தம்பட்டியிலேயே கண்ணில் பட்ட அந்த 78 டிகிரி. சிப்பின் சூட்டை ஹீட் சிங்க்குக்குக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருக்கிறது.

பேஸ்ட் மாற்றுவதற்கு முன் ஐந்து நிமிஷம் கார்டை ஓட விட்டுச் சூடாக்கினேன். ஆறிய பேஸ்ட் பசை மாதிரி பிடித்துக்கொள்ளும், சூட்டில் கொஞ்சம் இளகும். கழற்றித் துணி மேல் குப்புறப் போட்டேன். சிப்பைச் சுற்றி ஸ்பிரிங் வைத்த நான்கு திருகு. ஒன்றை முழுக்கக் கழற்றிவிட்டு அடுத்ததுக்குப் போகக் கூடாது. எதிரெதிர் மூலையாக அரைச் சுற்று, அரைச் சுற்று என்று நான்கையும் சேர்ந்தாற்போல் தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் சிப்பின் ஒரு மூலையில் மட்டும் பாரம் விழுந்து கண்ணாடி மாதிரி உடையும். ஹீட் சிங்க்கை நேராக இழுக்காமல், பாட்டில் மூடியைத் திருகுவது போல இடமும் வலமும் மெல்ல அசைத்தேன். விட்டுக்கொடுத்தது. முழுசாகத் தூக்கும் முன் ஃபேன் வயரின் குட்டிக் கனெக்டரை நகத்தால் நெம்பி எடுத்தேன்.

சிப்பின் மேல் இருந்தது பேஸ்ட் என்றே சொல்ல முடியாது. வற்றிய ஏரிச் சேறு மாதிரி வெடித்து, நடுவில் இடமே காலியாக இருந்தது. மொபைல் ரிப்பேர் கடையில் 120 ரூபாய்க்கு வாங்கிய ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சு நனைத்துத் துடைத்தேன். துடைத்து முடித்தால் சிப் கண்ணாடி போலப் பளபளக்க வேண்டும், நம் முகம் தெரிய வேண்டும். மெமரி சிப்புகளின் மேல் இருந்த சூடு கடத்தும் பேட்கள் கிழியாமல் இருந்தன, அவற்றைத் தொடவே இல்லை. தடிமன் தெரியாமல் புது பேட் போட்டால் ஹீட் சிங்க் தூக்கிக்கொண்டு சிப்பில் சரியாகப் படியாது. புதுப் பேஸ்ட் ஒரு பச்சைப்பயறு அளவு நடுவில் வைத்து, திருகுகளை அதே எதிரெதிர் வரிசையில் முடுக்கினேன். ஹீட் சிங்க் தகடுகளின் இடுக்கில் ஃபேனுக்கு அடியில் பஞ்சு பாய் மாதிரி படிந்திருந்தது. ஊசியால் ஒரு ஓரத்தைத் தூக்கினால் முழுசாக உரிந்து வந்தது.

அதே ரெண்டர், அதே அறை. 84 இருந்தது 69 ஆனது. நேரம் மறுபடி 4 நிமிஷம் 20-க்கு வந்தது.

பஞ்சு மறுபடி வரும், தறியை நிறுத்த முடியாது. அதனால் பெட்டியைத் தரையிலிருந்து எடுத்து முட்டி உயர ஸ்டூலில் வைத்தேன், பஞ்சு அதிகம் தரையோடுதான் உருளும். முன்பக்கக் காற்று வழியில் நைலான் கொசுவலைத் துணி ஒட்டினேன். முதலில் இரண்டு மடிப்பு போட்டேன். காற்று போதாமல் 75 ஆகிவிட்டது. ஒரு மடிப்பாக்கியதும் 70. துணி சிக்கிக்கொள்ளாமல் எடுத்துத் துவைக்க வசதியாக நான்கு மூலையிலும் வெல்க்ரோ வைத்தேன்.

கார்டு 6,200, கன்வெர்ட்டர் 350, பேஸ்ட் 300, ஆல்கஹால் 120, வலையும் வெல்க்ரோவும் 40. ஆக 7,010. மீதி 990 அப்படியே இருக்கிறது. அது எஸ்எம்பிஎஸ்-க்காக வைத்திருப்பது. இப்போதையது ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் வயசாகிவிட்டது. காசு சேரும்போது 450 வாட்டில் ஒன்று மாற்ற வேண்டும்.

ஞாயிறுதோறும் வலையைக் கழற்றி உதறுவது இப்போது மகளின் வேலை. நேற்று பக்கவாட்டுக் கதவைத் திறந்து பார்த்தோம். இரண்டு மாதத்துக்கு ஹீட் சிங்க் தகடுகளில் ஒரு மெல்லிய சாம்பல் படலம்தான், தகடுகள் தெளிவாகத் தெரிகின்றன. ரெண்டர் ஓடும்போது 71 டிகிரி. சிவதாபுரம் மாமா மூன்றாவது திருகாணி மாதிரியைத் தேர்ந்தெடுத்து அச்சுக்குக் கொடுத்திருக்கிறார்.